பெட்டி இருந்த இடம்

மஞ்சாடிவிளையில் தேன்பெட்டி இல்லாத வீடு கிடையாது என்பதால், ரோஸ்லெட்டின் மகன் லிபினுடைய தலைக்குள்ளிருந்து முதல் தேனீ வெளியே வந்தபோது யாரும் கூச்சல் போடவில்லை. நான்காம் வகுப்பு, செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் வாய்ப்பாடு. ஒன்பது ஏழு அறுபத்து மூன்று வரைக்கும் வந்த பையன் ஒன்பது எட்டுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டான். வலது காதுக்கு மேலே முடி அசைந்தது. ஒரு தேனீ இறங்கி வந்து, காதுமடலின் விளிம்பில் நின்று, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பிக்கு நடுவே பறந்து போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. இடைவேளை மணி அடிப்பதற்குள் ஐம்பது அறுபது போய்விட்டன. கிளாடிஸ் டீச்சர் தன் வீட்டில் பதினாறு பெட்டி வைத்திருந்தவர். பையனைக் கிட்டே கூப்பிட்டு, முடியை இரண்டு விரலால் வகிர்ந்து பிடித்து உள்ளே பார்த்து, "நல்ல பெலமுள்ள கூடாக்கும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையை ஒன்பது எட்டு சொல்லச் சொன்னார்.

அன்றிலிருந்து லிபின் இருந்த இடத்தில் லிபின் முழுசாக இருந்ததில்லை. அவன் உட்கார்ந்திருப்பது பெஞ்சில், தேனீக்கள் போயிருப்பது ரப்பர் தோட்டத்துக்கு, ஓடைக்கரைக்கு, ஆலயத்தின் மணிக்கூண்டுக்கு, அதற்கும் அப்பால் பஸ் திரும்புகிற முக்குக்கு. போனவை வெறுங்காலோடு திரும்புவதில்லை. யாருடைய வரிக்கைப் பலா எந்தக் கொம்பில் பழுத்தது, எந்த வீட்டு அடுப்பில் கருவாடு கரிகிறது, அக்கரையில் நேற்றுப் பிறந்த ஆட்டுக்குட்டியின் நெற்றியில் வெள்ளை எந்தப் பக்கம், பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து யாரும் பார்க்காமல் அழுகிற பொம்பளை யார், எல்லாம் அவன் தலைக்குள் வந்து இறங்கின, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றை அவன் எடுத்துப் பார்ப்பதற்குள் அடுத்தது. ஒன்பது எட்டு எவ்வளவு என்பதை மட்டும் எந்தத் தேனீயும் கொண்டுவரவில்லை. குடை தொலைந்தது, செருப்பு தொலைந்தது, செருப்பைத் தேடப் போனவனே ஒருநாள் தொலைந்து, மறுகரையில் அந்த ஆட்டுக்குட்டியோடு படுத்திருந்தான்.

ஊர் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. டீக்கடைக்காரர் அவன் வரும் நேரத்துக்கு ஒரு சாசரில் சீனித் தண்ணீர் எடுத்து வைத்தார். முடிவெட்டுகிற மணியன், தேனீயெல்லாம் வெளியே போயிருக்கும் உச்சிப்பொழுது பார்த்து வரச்சொன்னான். திருவிருந்துக் கிண்ணத்தின் விளிம்பில் தேனீ மொய்ப்பதால் போதகர் அவனுக்கு ஜன்னலோரமாக ஒரு இடம் ஒதுக்கினார். தேன் சங்கத்துச் செயலாளர் மோட்டார் சைக்கிளில் வந்து, நோய் பிடித்த கூடா என்று பார்த்து, இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடப் படித்த பையன்கள் மட்டும், "லேய் லிபினே, ராணி உள்ள இருக்காளா, இல்ல அவளும் சினிமாவுக்குப் போயிட்டாளா?" என்று கேட்பார்கள். அவன் கொஞ்சம் யோசித்து, "இருக்கா. முட்டை போட்டுட்டு இருக்கா," என்று உண்மையையே சொல்வான்.

ஊருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இது எந்தப் பக்கத்து ரத்தம்? லிபினின் அப்பா நேசையன் தன் பக்கத்தில் ஏழு தலைமுறைக்குத் தலைகளை எண்ணி, எல்லாம் வெறுந்தலை என்று சொல்லிவிட்டான். "உனக்க வீட்டுலயாவது யாருக்காவது உண்டாட்டி?" என்று அவன் கேட்டபோது, ரோஸ்லெட் சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்க வீட்டுல யாருக்கு?" என்றாள்.

அவளுடைய வீட்டில் இருந்தது. அண்ணன் எபனேசருக்கு இருந்தது. சின்ன வயதில் அவன் தலைச் சத்தம் தாங்காமல் ரப்பர் ஷீட்டு உலர்த்துகிற புகைப்புரைக்குள் போய், ஷீட்டுகளுக்கு நடுவே கண்ணெரிய உட்கார்ந்திருப்பான்; பிறகு ஆற்றங்கரையில் கஞ்சா விற்கிற ஆள் ஒருவன் அதைவிட லேசான புகையை அவனுக்குக் காட்டிக்கொடுத்தான்; இருபத்திரண்டாவது வயதில் ஒரு காலைப்பொழுது தேனீக்கள் மொத்தமாக அவனை விட்டுக் கிளம்பின, அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றின் பின்னாலேயே மேற்கே நடந்து போனான். பதினாறு வயது ரோஸ்லெட் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அண்ணனுக்குப் பம்பாயில் வேலை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லி, பம்பாயில் அவனுக்கு ஒரு வீடும் வாசலில் ஒரு செம்பருத்தியும்கூட முளைத்துவிட்டன.

அவளுக்கும் இருந்தது. பன்னிரண்டாம் வயதில், அவளுடைய தலையில் முதல் முனகலைக் கேட்ட அன்றே, அம்மா வேப்பெண்ணெயைத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் முடியை இறுக்கி, கண்கள் பக்கவாட்டில் இழுபடும்படி பின்னிவிட்டாள். "பொட்டப்பிள்ளைக்குத் தேனீன்னா கெட்ட பேரு. அமுக்கி வச்சுக்கோ," என்றாள். அமுக்கி வைத்துக்கொண்டாள். பால் பொங்கி வழிந்தது, குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, ஆராதனையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவள் மட்டும் நின்றாள், நெஞ்சுக்கூட்டில் காரணமில்லாத ஒரு பதற்றம் எப்போதும் ஓடியது. கவனமில்லாத பெண் என்று பெயர் வாங்கினாளே தவிர, தேனீ உள்ளவள் என்று பெயர் வாங்கவில்லை. பின்னலை யார் முன்னாலும் அவிழ்க்கவில்லை, கட்டினவன் முன்னாலும்.

நாகர்கோவிலில் பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருத்தி இருந்தாள், மதுரைப் பக்கத்துக்காரி. லிபினின் தேனீக்கள் அவளுடைய மேஜையில் நடந்து, பேனா மூடியை ஆராய்ந்து, மின்விசிறிக் காற்றில் தடுமாறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாயையும் தகப்பனையும் பார்த்துக் கேட்டாள்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா?"

நேசையன் ரோஸ்லெட்டைப் பார்த்தான்.

"இல்ல டாக்டர்," என்றாள் ரோஸ்லெட்.

"யாராவது கஞ்சா அது இதுன்னு பழகினவங்க?"

"அய்யோ, இல்ல."

"சும்மா கேக்கலம்மா. தேனீ ரத்தத்துல இறங்கி வரும். புகை மேல போற மனசும் பாதி அதே வழியாத்தான் இறங்கி வரும். ரெண்டும் ஒரே கூட்டுல பொறந்த மாதிரி. அதுக்காக வந்தே தீரும்னு இல்ல. மத்தவங்களுக்குச் சமதரை, இவனுக்குக் கொஞ்சம் சரிவு, அவ்வளவுதான். வீட்டுல ஒருத்தர் அந்தச் சரிவுல போயிருந்தா, நான் முன்கூட்டியே கையப் புடிச்சுக்குவேன். அதான் கேட்டேன்."

"இல்ல," என்று ரோஸ்லெட் மூன்றாவது தடவையும் சொன்னாள். பின்னலுக்கு அடியில் அவளுடைய தேனீக்கள் எண்ணெய்ப் பிசுக்கில் புரண்டன.

டாக்டர் வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தாள். மாத்திரை சாப்பிட்டால் தேனீ செத்துப்போகும், தலைக்குள் செத்த தேனீ அழுகும் என்று நேசையன் பயந்தான். ஊரும் அதையே சொன்னது. மாத்திரை அட்டைகள் அலமாரியில், ஜெபப் புத்தகத்துக்கு அடியில், பிரிக்காமலே காலாவதியாயின.

ஊருக்குத் தேனீயை அடக்க வேறு வழி தெரியும். தகரக் குவளைக்குள் தேங்காய்த் தும்பைக் கொளுத்திப் போட்டு, பின்னாலிருக்கும் துருத்தியை அமுக்கினால் மூக்கு வழியே வெள்ளைப் புகை விடுகிற புகைப்பான் எல்லா வீட்டுக் கொட்டகையிலும் ஆணியில் தொங்கியது. பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின வாரம் கிளாடிஸ் டீச்சரே வீடு தேடி வந்து, "ரோஸ்லெட்டு, பிள்ளை மூணு மணிக்கூர் இருக்கமாட்டான். ரெண்டு ஊது ஊதி அனுப்பு. பெட்டிக்குச் செய்யியதுதான?" என்றார். பரீட்சை அன்று காலை ரோஸ்லெட் மகனை முற்றத்துத் துணி துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, கண்ணை மூடச்சொல்லி, துருத்தியை அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தேனீக்கள் முடிக்குள் இறங்கின. முனகல் தணிந்து தணிந்து, பிறகு இல்லாமலே போயிற்று. லிபின் கண்ணைத் திறந்தான். பிறந்ததிலிருந்து அம்மாவை ஒருமுறைகூட இப்படிப் பார்த்ததில்லை என்பதுபோல அவளுடைய முகத்தை, முகத்தை மட்டும், ரொம்ப நேரம் பார்த்தான்.

"அம்மா, இப்படித்தான் உங்களுக்கெல்லாம் எப்பமும் இரிக்குமா?" என்றான்.

அவள் ஐந்து பரீட்சைக்கும் புகை போட்டாள். அவன் தேறினான். நேசையன் ஊருக்கு லட்டு கொடுத்தான்.

இதில் ஒரு விஷயம் உண்டு. ரோஸ்லெட்தான் சங்கத்தில் மகளிர் குழுக்களுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறவள். மாதத்தின் முதல் சனிக்கிழமை முப்பது பெண்களுக்கு முன்னால் பெட்டியைத் திறந்து வைத்து அவள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: "புகை போட்டா தேனீ சாந்தமாவுதுன்னு நெனைக்காதீங்க. அது தன் வீடு எரியுதுன்னு நெனைக்கும். கிளம்புறதுக்கு முன்னால, போற வழிக்கு வேணுமேன்னு, அறை அறையாப் போய்த் தேனைக் குடிச்சு வயிறு வீங்கி, கொட்டுறதுக்குக் குனிய முடியாம இரிக்கும். நமக்கு அது அடக்கமாத் தெரியும். அதனால அடிக்கடி போடக்கூடாது." பத்து வருஷமாக இதைச் சொல்லிக்கொடுத்தவள், பிள்ளையின் தலையில் துருத்தியை அமுக்கும்போது இதை நினைக்கவில்லை. நினைத்தாள் என்றும், நினைத்ததைப் பின்னலுக்குள் அமுக்கிவிட்டாள் என்றும் பிற்பாடு அவளே சொன்னாள்.

பாலிடெக்னிக் விடுதிக்குப் போன முதல் வருஷம், லிபினின் தேனீக்கள் விடுதி சமையலறையிலும் பக்கத்து லேத் பட்டறையிலும் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டாம் வருஷம் யாரோ ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் அடுக்களை வாசலில் சாய்ந்து நின்று, சந்தோஷமாகவே, மறைக்க வேண்டிய விஷயம் என்றே தோன்றாதவன்போலச் சொன்னான்.

"அம்மா, மொதல்மொறையா ஒரு பாட்டை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். நீங்க அண்ணைக்குப் புகை போட்டியள்லா, அதே அமைதி. இது கொஞ்சம் கூடுதல் நேரம் நிக்கும்."

ரோஸ்லெட்டுக்குப் புரிந்தது. அண்ணனின் மடித்துக் கட்டின கைலி கண்ணுக்கு முன்னால் வந்தது. "சாப்பிட வா, மீன் ஆறிப்போவும்," என்றாள்.

ஊர் சந்தோஷப்பட்டது. பையன் அடங்கிவிட்டான் என்றது. டீக்கடைக்காரர் சாசரைக் கழுவிக் கவிழ்த்தார், மணியன் எந்த நேரமும் வரலாம் என்றான், போதகர் அவனை நடுப் பெஞ்சுக்கு மாற்றினார். பலா பழுத்த சேதியும் பாலத்தடியில் யார் அழுகிறார்கள் என்ற சேதியும் அதன்பின் அவனிடமிருந்து வரவில்லை. பாலத்தடியில் அழுதவர்கள் அழுதுகொண்டேதான் இருந்தார்கள். அவன் தலையைக் கோதிவிடும் சாக்கில் ரோஸ்லெட் ஒருநாள் முடியை விலக்கிப் பார்த்தாள். தேனீக்கள் வரிசை வரிசையாக, அசையாமல், வயிறு ஊதி, தேன்நிறத்தில் கண்ணாடிபோல் மினுங்க உட்கார்ந்திருந்தன. எங்கேயோ போகப்போகிறவர்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதுபோல.

பிப்ரவரி மாதம், ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விட்டு இலைக்காம்பிலெல்லாம் தேன் சுரந்து, ஊரின் ஒவ்வொரு பெட்டியும் நிறைந்து வழிகிற நாட்களில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, லீவுக்கு வந்து துவைகல்லுக்குப் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற லிபினைவிட்டுத் தேனீக்கள் கிளம்பின. காதிலிருந்து, முடியிலிருந்து, சட்டைக் காலரிலிருந்து, கயிறு திரித்ததுபோல் மேலே எழும்பி, முற்றம் இருட்டும்படி ஒரு சுற்றுச் சுற்றி, வேலியோரத்தில் முந்திரி காய்க்கிற கொல்லாமரத்தின் கிளையில் பலாப்பழம் அளவுக்குக் கொத்தாய்த் தொங்கின. மஞ்சாடிவிளை முழுக்க ஓடி வந்தது. ஓடிப்போகிற கூட்டை இறக்குவது ஊருக்குக் கைவந்த வேலை. ஒருவன் காலிப் பெட்டியில் மெழுகு தடவிக்கொண்டு வந்தான், ஒருத்தி ஈரச் சீலையோடு வந்தாள், பிள்ளைகள் தட்டை அடித்தார்கள், தண்ணீரை மழைபோல் தெளித்தார்கள். ரோஸ்லெட் மரத்தடியில் நின்று, "லிபினே, இறங்கி வா மக்கா, லிபினே," என்று மகனின் பெயரைச் சொல்லிக் கூட்டைக் கூப்பிட்டாள். மகன் கையில் பிரஷ்ஷோடு பின்னால் நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான், பழக்கதோஷத்தில், வேறொன்றும் நினைக்காமல், நேசையன் புகைப்பானைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு வந்தான்.

"புகை வேண்டாம்! புகை மட்டும் வேண்டாம்!" என்று அவள் கத்துவதற்குள் ஒரு ஊது போய்விட்டது. கொத்து சிலிர்த்தது, அவிழ்ந்தது, ஆலயத்தின் உயரத்துக்கு ஏறி, கடல் இருக்கும் மேற்கே போயிற்று.

லிபின் ஓரடி எடுத்து வைத்தான். இரண்டாவது அடி வைப்பதற்குள் ரோஸ்லெட் அவனுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தேனீ பெட்டியைப் பார்த்துத் திரும்பி வராது, பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துத்தான் வரும். மூன்று அடி தள்ளி வைத்தாலும் பழைய இடத்தின் வெற்றுக் காற்றில் சுற்றிச் சுற்றி விழுந்து சாகும். இது அந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் துவைகல்லுக்குப் பக்கத்தில், அவன் நின்ற அதே இடத்தில், பெட்டி வைக்கிறதுபோலவே கிழக்கே பார்த்து ஒரு நாற்காலி போட்டார்கள். காலையில் ரோஸ்லெட் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்காரவைப்பாள். கொடுத்தால் சாப்பிடுவான், கேட்டால் கொஞ்ச நேரம் கழித்துப் பதில் சொல்வான். புகையையும் விட்டுவிட்டான், அடக்குவதற்கு ஒன்றும் இல்லாத தலைக்குப் புகை எதற்கு. வெயிலுக்கு நேசையன் மேலே ஒரு தார்ப்பாய் கட்டினான். பஞ்சாயத்து அந்த வழியாக ஓடை வெட்ட வந்தபோது, மேஸ்திரி நூல் பிடித்துப் பார்த்து, நாற்காலி சரியாக நடுவில் வருகிறது என்றான். "இடம் மாறப்படாதுல்லா?" என்று வேலைக்காரப் பெண்களே சொன்னார்கள். ஓடை அந்த இடத்தில் மட்டும் வளைந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகிறது. புதிதாக வருகிறவர்கள் கோணல் ஏன் என்று கேட்பதுண்டு.

அப்படி ஐந்து வருஷம்.

இதற்கிடையில் ரோஸ்லெட்டின் மகள் ஜெனிஷா பதின்மூன்று வயதை எட்டியிருந்தாள். அண்ணனுக்குப் பத்து வயதுக்கு மேல் இளையவள், சத்தமில்லாத பிள்ளை. சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பள்ளியில் மறந்துவிட்டு வருவாள், சொன்னதைப் பாதிப் படியில் மறந்து நிற்பாள். யாரும் ஒன்றும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நாள் காலையும் ரோஸ்லெட் வேப்பெண்ணெய் தேய்த்து, ஈரம் காய்வதற்குள், கண்கள் பக்கவாட்டில் இழுபடும்படி அவளுக்குப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். வகிட்டுக்கு அடியில் விரல் படும்போதெல்லாம் முனகல் விரல் வழியாக ஏறித் தோள் வரைக்கும் வரும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பயிற்சிக்கு வைத்திருந்த சாமான்களை எடுக்கக் கொட்டகைக்குப் போன ரோஸ்லெட், ஜெனிஷா மூலையில் குந்தியிருப்பதைப் பார்த்தாள். தும்பு எரிந்துகொண்டிருந்தது. புகைப்பானின் மூக்கைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, வாயைத் திறந்துகொண்டு, பிள்ளை துருத்தியை அமுக்கினாள், இருமினாள், மறுபடி அமுக்கினாள்.

ரோஸ்லெட் தகரத்தைப் பிடுங்கினாள். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை.

"எதுக்கு பிள்ளே? எதுக்கு?"

"அண்ணனுக்குப் போட்டியள்லா?" என்றாள் ஜெனிஷா, கண்ணில் நீர் வழிய. "எனக்கு மட்டும் என்னத்துக்குப் பின்னிக் கட்டுதியோ? உள்ள எவ்வளவு சத்தம்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா இப்படிக் கட்டுவியளா?"

கொட்டகையில் புகை கலைந்துகொண்டிருந்தது. ரோஸ்லெட் பொசுங்கின கையைப் பார்த்தாள், பிள்ளையின் இழுபட்ட கண்களைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, முப்பத்தாறு வருஷத்துப் பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள். அது லேசில் அவிழவில்லை. முடிச்சு முடிச்சாக, எண்ணெய்ப் பிசுக்கோடு அவிழ்ந்து தோளில் விழுந்தபோது, கடைசியில் ஒரு தேனீ வெளியே வந்தது. கிழட்டுத் தேனீ, இறகின் ஓரம் கந்தலாகியிருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவளுடைய கன்னத்தில் நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"அம்மா," என்றாள் ஜெனிஷா. "உங்களுக்குமா?"

"எனக்கும். உனக்க மாமனுக்கும்."

மாமன் பம்பாயில் இல்லை என்று அன்று சொன்னாள். சொல்லி முடித்தபோது, வாசலில் செம்பருத்தி நின்ற அந்த வீடு இடிந்து, அண்ணன் மறுபடி மேற்கே நடந்து போனான், அவள் மறுபடி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். பிறகு மகளின் பின்னலை அவிழ்த்தாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அம்மாவும் மகளும் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு போனார்கள். தேனீக்கள் ஜன்னல் வழியே போவதும், ஓடுகிற பஸ்ஸைத் துரத்தி வந்து ஏறுவதுமாக இருந்தன.

"யாருக்க பெட்டி இது? பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்," என்றான் கண்டக்டர்.

"பெட்டி இல்ல தம்பி, தலை," என்றாள் ரோஸ்லெட்.

"தலைக்கு ஏற்கெனவே எடுத்தாச்சுல்லா, அப்ப சரி," என்று அவன் முன்னால் போய்விட்டான். பக்கத்து இருக்கைக்காரி தன் மடியிலிருந்த பூவை நகர்த்தித் தேனீக்கு இடம் விட்டாள்.

டாக்டருக்கு முடி நரைத்திருந்தது. அதே அறை, அதே மேஜை. அதே கேள்வியைக் கேட்டாள்.

"உண்டு டாக்டர்," என்றாள் ரோஸ்லெட். "எனக்க அண்ணனுக்கு உண்டு. அவன் கஞ்சா புகைச்சான். எனக்கு உண்டு. எனக்க மகனுக்கு உண்டு. அவனுக்கு மொதல் புகையைப் போட்டது நான்தான். இவளுக்குப் போடமாட்டேன். இவ கையப் புடிச்சுக்கோங்க."

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "இதை அன்னிக்கே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். முடிக்காமல் விட்ட அந்த நல்ல மனதை ரோஸ்லெட் கடைசிவரை மறக்கவில்லை. முடிக்கப்படாத அந்த வாக்கியத்தையும் மறக்கவில்லை. இந்தத் தடவை மாத்திரையை வாங்கினாள். ஒன்றை அங்கேயே, டாக்டரின் தண்ணீரிலேயே, மகளை விழுங்கச் செய்தாள். தேனீ ஒன்றும் சாகவில்லை. சிலது மட்டும், போகலாமா இருக்கலாமா என்று யோசிப்பதுபோல, ஜெனிஷாவின் காதோரத்தில் உட்கார்ந்திருந்தன.

நாலு மணிக்கு வீட்டு முக்கில் இறங்கினார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது, ஒரு மேகம் இல்லை. வீட்டைக் கண்டதும் இரண்டு தலைகளின் தேனீக்களும் முன்னால் பறந்து போய், கொல்லாமரத்திலும் துவைகல்லிலும் தார்ப்பாய்க்கு அடியிலும் நிறைந்து, முற்றம் முழுவதும் கனமான, விடாத ஒரு முனகல் இறங்கிற்று.

நாற்காலியில் இருந்த லிபின் முகத்தை நிமிர்த்தினான். ஐந்து வருஷத்தில் யாரும் கூப்பிடாமல் அவன் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, மழ வருதோ?"

ஜெனிஷா வானத்தைப் பார்த்து, இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ரோஸ்லெட் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன் மக்கா கேக்குத?"

"மழ வந்தா வெளிய போனது எல்லாம் வீட்டுக்கு வருமே."

சொல்லிவிட்டு, தலையை மேற்கே சாய்த்து, வலது காதுக்கு மேலே முடியை இரண்டு விரலால் வகிர்ந்து, வழி விட்டுப் பிடித்துக்கொண்டான். வெள்ளையாய், வெறுமையாய் ஒரு வகிடு. ரோஸ்லெட்டின் கந்தல் இறகுத் தேனீ ஒன்று அதன்மேல் ஒரு சுற்று வந்தது, வாசனை பிடித்தது, தன் இடம் இது இல்லை என்று கண்டு திரும்பிப் போயிற்று. அவன் கையை எடுக்கவில்லை. வெயில் சாய்ந்தது, தேனீக்கள் ஒவ்வொன்றாக இரண்டு தலைகளுக்குள்ளும் அடைந்தன, முற்றத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, அவன் கையை எடுக்கவில்லை. பிள்ளைக்கு விரல் வலிக்குமே என்று ரோஸ்லெட் பக்கத்தில் போய் நின்று, அவனுடைய கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவனுடைய முடியைத் தானே விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.